ஸ்டம்புக்குப் பின்னால் நின்றவர் பதில் சொல்கிறார்

வாசகர் கேள்வி பதில்

(சென்னை லீக்கில் 20 ஆண்டுகள் விக்கெட் கீப்பராகவும், அதில் 7 ஆண்டுகள் கேப்டனாகவும் ஆடியவர். மாநில அணியிலும் இருந்தவர். இப்போது பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிக்கிறார்.)

எனக்கு 17 வயது. மாவட்ட அணியில் நான் இரண்டாவது விக்கெட் கீப்பர். முதல் கீப்பர் என் உயிர் நண்பன். அவன் கேட்ச் விடும்போது எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்க்கிறது. பிறகு இரவெல்லாம் வெட்கமாக இருக்கிறது. நான் கெட்டவனா?
பள்ளி மாணவர், திண்டுக்கல்

இல்லை தம்பி. இதைக் கடிதத்தில் எழுத முடிந்த உன் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. நானும் உன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சந்தோஷமும் எனக்குத் தெரியும், அதன் பின்னால் வரும் கசப்பும் தெரியும்.

கிரிக்கெட்டில் மற்றவர்களுக்கு இந்த வேதனை இவ்வளவு கூர்மையாக வராது. மூன்று வேகப்பந்து வீச்சாளர்கள் ஒரே ஆட்டத்தில் ஆடலாம். ஐந்தாவதாக இறங்க முடியாத பேட்ஸ்மேன் ஆறாவதாக இறங்கலாம். கீப்பருக்கு மட்டும் ஒரே நாற்காலி. அதில் ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் தண்ணீர் சுமக்க வேண்டியதுதான்.

மாநில அணியின் முகாமுக்கு முதன்முதலாகப் போனபோது எனக்கு 20 வயது. அப்போதைய கீப்பருக்கு 29. முதல் நாள் வலைப்பயிற்சி முடிந்து எல்லோரும் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு வலது கையைப் பிடித்துப் பார்த்தார். மோதிர விரலின் கணு வீங்கியிருந்தது. "பந்து உன்னிடம் வருவதற்குள் நீ அதைத் தேடிப் போகிறாய். அதனால்தான் விரல் நுனியில் அடிக்கிறது" என்றார். தன் பையிலிருந்து பிளாஸ்டரை எடுத்து, கணுவுக்கு மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று, விரல் மடங்க நடுவில் இடம் விட்டுச் சுற்றிவிட்டார். உள்ளே போடும் பருத்திக் கையுறையைத் தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து போட்டுக்கொள்ளச் சொன்னார். அப்போதுதான் அது தோலோடு ஒட்டி நிற்கும், மேல் கையுறைக்குள் வழுக்காது. எனக்கு அதுவரை யாரும் சொல்லாத விஷயம் அது.

அன்றிலிருந்து தினமும் மாலையில் அவர் எனக்கு நாற்பது பந்து எறிவார், நான் அவருக்கு நாற்பது எறிவேன். ஒரு நாள் மனது கேட்காமல் கேட்டுவிட்டேன்: "இப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்களே அண்ணா, நான் தேறிவிட்டால் உங்கள் இடம் போய்விடாதா?" அவர் மணிக்கட்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "இன்னும் பதினொரு பந்து பாக்கி இருக்கிறது. எறி" என்றார்.

இரண்டாவது ஆண்டில் அவர் விரல் முறிந்தது. நான் ஆடினேன். கட்டுப்போட்ட கையோடு அவர் ஓய்வறையில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தார். உணவு இடைவேளையில் என் அருகே வந்து, "அந்த நான்காம் நம்பர் ஆட்டக்காரன் இறங்கி வந்து அடிக்கப் போகும் பந்துக்கு முன்னால் மட்டையைத் தரையில் இரண்டு முறை கூடுதலாகத் தட்டுகிறான், கவனி" என்றார். எங்கள் இடது கைச் சுழற்பந்து வீச்சாளரிடம் சொன்னேன். முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். தட், தட். பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, கொஞ்சம் தூக்கி வந்தது. அவன் இரண்டு அடி வெளியே நின்றான். பெயில்ஸ் விழுந்தன. ஸ்கோர் புத்தகத்தில் அந்த ஸ்டம்பிங் என் பெயரில்தான் இருக்கிறது.

உலகறிந்த ஓர் உதாரணமும் சொல்கிறேன். நம் தினேஷ் கார்த்திக் 2004 செப்டம்பரில் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் தோனி ஒருநாள் அணிக்கு வந்துவிட்டார். 2005 டிசம்பரில் இலங்கைக்கு எதிராகத் தோனி தன் முதல் டெஸ்டை ஆடியது எங்கே தெரியுமா? சேப்பாக்கத்தில். கார்த்திக் வளர்ந்த மைதானத்திலேயே அவருடைய கையுறை இன்னொருவர் கைக்குப் போனது. அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதைத்தான் நான் என் மாணவர்களுக்குச் சொல்வேன். தொடக்க ஆட்டக்காரராக மாறினார். 2007ல் இங்கிலாந்தில் நாம் டெஸ்ட் தொடரை வென்றபோது, இந்திய அணியில் அதிக ரன் எடுத்தவர் அவர்தான், 263 ரன். ஸ்டம்புக்குப் பின்னால் தோனி நின்றார். 2018 மார்ச்சில் கொழும்பில் வங்கதேசத்துக்கு எதிரான இறுதி ஆட்டத்தில், கடைசிப் பந்துக்கு ஐந்து ரன் தேவை என்ற நிலையில் சிக்சர் அடித்தார். 8 பந்தில் 29. தனக்கு முன்னால் வேறொருவரை அனுப்பியதில் அன்று அவருக்கு வருத்தம் இருந்ததாகவும், ஆட்டத்தை முடித்துத் தர அவர் வேண்டும் என்றே நிறுத்தி வைத்ததாகவும் கேப்டன் ரோஹித் சர்மா பிறகு சொன்னார். வருத்தத்தோடு இறங்கி அந்த எட்டுப் பந்தை அப்படி ஆடியிருக்கிறார்.

ஆகவே தம்பி, அந்தச் சந்தோஷம் வந்தால் வரட்டும். அதை விரட்ட முடியாது. ஆனால் உன் நண்பன் கேட்சை விட்ட நொடியில் அவன் கால் எங்கே இருந்தது, தலை சாய்ந்ததா, கை சீக்கிரம் எழுந்ததா என்று பார். மைதானத்தில் இருப்பவர்களில் அது புரியக்கூடிய ஆள் நீ ஒருவன்தான். மாலையில் அவனிடம் சொல். அவன் உனக்கு எறியட்டும், நீ அவனுக்கு எறி.

பஞ்சாலையில் மேற்பார்வையாளராகச் சேர்ந்திருக்கிறேன். எனக்குக் கீழே 12 பேர். பாதிப் பேர் என் அப்பா வயது. "அண்ணா" என்று கூப்பிட்டுக்கொண்டே எப்படி வேலை வாங்குவது? தவறான முடிவு எடுத்துவிட்டால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?
வாசகர், கோயம்புத்தூர்

என்னைக் கேப்டன் ஆக்கியபோது எனக்கு 24 வயது. எங்கள் நிறுவன அணியின் முதல் வேகப்பந்து வீச்சாளருக்கு 33. நான் பள்ளியில் படிக்கும்போது அவர் பந்து வீசுவதைப் பார்க்க மதில் ஏறியிருக்கிறேன். அவரிடம் போய் "போதும், பந்தைக் கொடுங்கள்" என்று எப்படிச் சொல்வது?

ஒரு செப்டம்பர் மாத லீக் ஆட்டம். எதிரணிக்கு 40 ரன் தேவை, நான்கு விக்கெட் கையில். அவருக்கு அது தொடர்ச்சியாக ஒன்பதாவது ஓவர். பவுலர் களைத்துவிட்டார் என்பது பார்வையாளர்களுக்குத் தெரிவதற்கு வெகு முன்பே கீப்பருக்குத் தெரியும். காலையில் மார்பு உயரத்தில் வந்து கையுறையில் "டப்" என்று இறங்கிய பந்து இப்போது முழங்காலுக்குக் கீழே வருகிறது, சத்தமும் மந்தமாக இருக்கிறது. என் கைக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் "அண்ணா, இன்னும் ஒரு ஓவர் போடுகிறீர்களா?" என்றுதான் கேட்டேன். எந்த பவுலர் மாட்டேன் என்பார்? போட்டார். அந்த ஓவரில் 16 ரன். ஆட்டம் கையை விட்டுப் போனது.

அன்று மாலை அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "என் கால் போய்விட்டது என்று உனக்குத் தெரியும். நீ கீப்பர், தெரியாமல் இருக்காது. ஏன் தம்பி பந்தை வாங்கவில்லை?" கோபமே இல்லாமல் கேட்டார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அடுத்த ஆட்டத்தில் ஓவர் முடிந்ததும் ஸ்டம்புக்குப் பின்னாலிருந்து நேராக அவரிடம் நடந்து போனேன். தூரத்திலிருந்து கை காட்டவில்லை. "அண்ணா, போதும். தேநீருக்குப் பிறகு அந்த முனையிலிருந்து நீங்கள் எனக்கு வேண்டும்" என்றேன். தொப்பியை வாங்கிக்கொண்டு போனார்.

"அண்ணா" என்ற சொல் உங்கள் அதிகாரத்தை எந்த விதத்திலும் குறைக்காது. அருகில் போய்ச் சொல்லுங்கள், காரணத்தையும் அவர் அடுத்துச் செய்ய வேண்டியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிவை மட்டும் கேள்வியாக மாற்றி அவர் தலையில் வைக்காதீர்கள். நான் செய்த பிழை அதுதான்.

தவறான முடிவு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1979, ஓவல் மைதானம். கேப்டன் நம் வெங்கட்ராகவன். இங்கிலாந்து வைத்த இலக்கு 438. கவாஸ்கர் 221 ரன் எடுத்த அந்தக் கடைசி நாளில் ஸ்கோர் 366, விழுந்தது இரண்டே விக்கெட். விரைவாக ரன் வேண்டும் என்று அனுபவ பேட்ஸ்மேன் விஸ்வநாத்தை நிறுத்திவிட்டுக் கபில் தேவை முன்னால் அனுப்பினார் வெங்கட். கபில் ரன் எடுக்காமல் அவுட். முடிவில் 8 விக்கெட்டுக்கு 429. ஒன்பது ரன் குறைவு, ஆட்டம் டிரா. அந்த முடிவை இன்றுவரை விமர்சிக்கிறார்கள். வென்றிருந்தால் துணிச்சல் என்று புகழ்ந்திருப்பார்கள். ஊர் திரும்பும் விமானத்திலேயே, இனி கவாஸ்கர்தான் கேப்டன் என்று விமானி அறிவித்ததாக கிரிக்கெட் வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். நினைத்துப் பாருங்கள், பக்கத்து இருக்கைகளில் தன் அணியே உட்கார்ந்திருக்கும்போது. அவர் ஆட்டத்தை விட்டு ஓடிவிடவில்லை. 1983 வரை, தன்னைவிட வயதில் மிகச் சிறியவரான கபில் தேவின் தலைமையிலும்கூட, சாதாரண ஆட்டக்காரராக டெஸ்ட் ஆடினார். பிறகு நடுவராக 73 டெஸ்டுகளில் நின்றார். சேப்பாக்கத்தில் அவர் நடந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் நான் எழுந்து நிற்பேன்.

உலகின் சிறந்த கேப்டன் யார்? ஒரே பெயர் சொல்லுங்கள்.
வாசகர், வேலூர்

இங்கிலாந்தின் மைக் பிரேர்லி. 39 டெஸ்டில் ஒரு சதம்கூட அடிக்காதவர். ஆனால் கேப்டனாக நின்ற 31 டெஸ்டில் 18 வெற்றி, 4 தோல்வி மட்டுமே. 1981ல் ஹெடிங்லியில், ஃபாலோ ஆன் வாங்கிய (மிகவும் பின்தங்கியதால் உடனே மறுபடி பேட் செய்ய வைக்கப்பட்ட) அணியைப் போத்தம் 149 ரன் எடுத்துத் தூக்கி நிறுத்தினார். ஆஸ்திரேலியாவுக்கு 130 தான் இலக்கு. வேகப்பந்து வீச்சாளர் வில்லிஸ் ஒரு முனையிலிருந்து வீசி எதுவும் நடக்கவில்லை. பிரேர்லி அவரை எதிர்முனைக்கு மாற்றினார். வில்லிஸ் 43 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்தார். அதே பவுலர், அதே பந்து, முனை மட்டும் வேறு.

என் மகனை 14 வயதுக்குட்பட்டோர் அணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். சாப்பிடவே மறுக்கிறான். தேர்வாளரிடம் போய்ப் பேசலாமா?
ஒரு தாய், மயிலாடுதுறை

வேண்டாம் அம்மா. நீங்கள் போய்ப் பேசினால் அவன் நாளை எடுக்கும் ஐம்பது ரன்னும் அவனுடையதாக இருக்காது. இரண்டு நாள் விடுங்கள். மூன்றாம் நாள் அவனாக மட்டையை எடுப்பான். எடுக்காவிட்டாலும் அவன் உங்கள் மகன்தான், அதை மட்டும் இன்று இரவு அவனுக்குத் தெரியப்படுத்துங்கள்.

பந்து வீசுவதற்கு முன்பே கிரீஸை விட்டு நகரும் எதிர்முனை பேட்ஸ்மேனை ரன் அவுட் செய்வது ஆட்டத்தின் மாண்புக்கு இழுக்கு இல்லையா? 2019ல் அஸ்வின் செய்தது சரியா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

சரி, ஐயா. எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ஜெய்ப்பூரில் பட்லரை அஸ்வின் அப்படி அவுட் செய்தபோது உலகமே அவரைத் திட்டியது. 1947ல் சிட்னியில் ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை அப்படி அவுட் செய்ததற்காக நம் வினு மன்கட்டின் பெயரையே "மன்கடிங்" என்று ஒரு வசைச் சொல் ஆக்கினார்கள். எதிரணிக் கேப்டன் பிராட்மேனே அதில் தவறில்லை என்று எழுதினார். அதை யாரும் நினைவில் வைக்கவில்லை. 2022ல்தான் விதிப் புத்தகத்தில் அதை "நியாயமற்ற ஆட்டம்" என்ற பகுதியிலிருந்து எடுத்துச் சாதாரண ரன் அவுட் பகுதியில் சேர்த்தார்கள். ஓர் அடி முன்னால் திருடுகிறவனை விட்டுவிட்டு, கதவைப் பூட்டுகிறவனைப் பிடித்துத் திட்டுவது என்ன நியாயம்?

ஆனால் மாண்பு என்ற சொல்லை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அது இருக்கும் இடம் வேறு. 1980 பிப்ரவரி, பம்பாய் பொன்விழா டெஸ்ட். இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 58. கபில் தேவ் பந்தில் பாப் டெய்லர் கீப்பரிடம் கேட்ச் என்று நடுவர் விரலை உயர்த்திவிட்டார். ஸ்லிப்பில் நின்ற கேப்டன் விஸ்வநாத்துக்குப் பந்து மட்டையில் படவில்லை என்று தெரிந்திருந்தது. நடுவரிடம் பேசி டெய்லரைத் திரும்ப அழைத்தார். டெய்லர் 43, போத்தம் 114, இருவரும் சேர்ந்து 171. இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது.

பந்து மட்டையைத் தொட்டதா என்பது மைதானத்தில் முதலில் கீப்பருக்குத்தான் தெரியும். தொடாத பந்து என்று தெரிந்தும் நான் கத்தி அப்பீல் செய்திருக்கிறேன், ஐயா. ஒரு தேர்வு ஆட்டத்தில், 18 வயதுப் பையன். நடுவர் கை தூக்கினார். அவன் என்னைத்தான் பார்த்தான், நடுவரைப் பார்க்கவில்லை. மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையுறையை மட்டும் கழற்றியபடி நடந்து போனான். அவனை அதற்குப் பிறகு நான் எந்த மைதானத்திலும் பார்க்கவில்லை. நான் எடுத்த கேட்சுகளில் பலவற்றை மறந்துவிட்டேன். இது மறக்கவில்லை.

ஓர் அணி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றிய ஆட்டம் எது?
கல்லூரி மாணவி, திருநெல்வேலி

2021 ஜனவரி 11, சிட்னி, ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டெஸ்டின் கடைசி நாள், அம்மா. வெற்றி இல்லை, வெறும் டிரா. ஆனால் அந்த நாளை நான் வீட்டில் நின்றுகொண்டே பார்த்தேன்.

இலக்கு 407. பந்த் 97, புஜாரா 77. இருவரும் போனதும் களத்தில் விஹாரியும் அஸ்வினும். விஹாரிக்குத் தொடைத் தசை கிழிந்து ஓட முடியவில்லை. அஸ்வினுக்கு முதுகு. காலையில் குனிந்து ஷூ கயிறுகூடக் கட்ட முடியவில்லை என்று அவர் மனைவி எழுதினார். கட்டைவிரல் முறிந்த ஜடேஜா, கால் காப்பு கட்டிக்கொண்டு உள்ளே காத்திருந்தார். வெளியே இருவரும் தமிழில் பேசிக்கொண்டார்கள். விஹாரி ஆந்திரக்காரர், சென்னை லீக்கில் ஆடிப் பழகிய தமிழ் அது.

அன்று நடந்ததாக அஸ்வின் பிறகு சொன்ன ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். யார் எந்த பவுலரை எதிர்கொள்ள வேண்டும் என்று பயிற்சியாளர், ஆட்டக்காரர் ஷர்துல் தாக்கூரிடம் செய்தி சொல்லி அனுப்பினார். ஷர்துல் ஓடி வந்தார். இருவர் முகத்தையும் பார்த்தார். உள்ளே என்னென்னவோ சொன்னார்கள், நான் எதையும் சொல்லப் போவதில்லை, நீங்கள் நன்றாக ஆடுகிறீர்கள், இப்படியே ஆடுங்கள் என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டார். பதினொன்றில் இல்லாத ஆள், தண்ணீர் கொண்டு வந்தவர், அந்த நிமிடத்தில் எடுத்த முடிவு அது. விஹாரி 161 பந்தில் 23, அஸ்வின் 128 பந்தில் 39. நாற்பது ஓவருக்கு மேல் இருவரும் அவுட் ஆகவில்லை.

நானும் பல ஆண்டுகள் தண்ணீர் சுமந்தவன். எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று அந்த எழுபது எண்பது கஜ ஓட்டத்துக்குள் தீர்மானிக்க வேண்டியிருக்கும். ஷர்துலின் இடத்தில் நான் இருந்திருந்தால், சொல்லி அனுப்பியதைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். அதனால்தான் அவர்மேல் எனக்கு இவ்வளவு மதிப்பு.

கேட்ச் விட்டால் அடுத்த பந்துக்குள் அதை எப்படி மறப்பது?
டென்னிஸ் பந்து ஆட்டக்காரர், இராமநாதபுரம்

மறக்க முடியாது, முயலவும் வேண்டாம். நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் பவுலரைப் பார்த்து என் நெஞ்சில் கையுறையால் ஒரு தட்டு, "என் தவறு" என்று அவருக்குத் தெரிய. வலது கையுறையைக் கழற்றி, உள்ளே இருக்கும் பருத்தித் துணியின் சுருக்கத்தை இழுத்து நேராக்கி, மறுபடி போட்டுக்கொள்வேன். அதற்குள் பவுலர் தன் இடத்துக்குத் திரும்பி நடந்திருப்பார். உட்காருவேன். அவர் ஓடி வரும்போது பந்தின் தையலை மட்டும் தேடுவேன். தையல் கண்ணில் பட்டுவிட்டால், விட்ட கேட்ச் அந்த ஒரு பந்துக்குப் பின்னால் போய்விடும். ஓவர் முடிந்ததும் திரும்பி வரும். அப்போது ஸ்லிப்பில் நிற்பவர் ஏதாவது பேச வேண்டும், எதைப் பற்றியாவது. உங்கள் ஸ்லிப் ஆட்டக்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.